பூனைத் தெள்ளு வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறதா? மூன்றாவது வாரத்தில் கைவிடாதீர்கள்

பூனைக்கு மருந்து போட்டாயிற்று, வீட்டைக் கழுவியும் விட்டாயிற்று, ஆனாலும் சாயங்காலம் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடிக்கிறதா? பெரும்பாலும் மருந்தில் கோளாறு இருக்காது. நீங்கள் மருந்து போட்ட அன்றைக்குத் தரை இடுக்கில் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் இருந்த தெள்ளு இப்போதுதான் வெளியே வருகிறது. இது தெரியாமல் பலரும் இரண்டு மூன்று வாரத்தில் வெறுத்துப்போய், பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பூனை போனாலும் தெள்ளு போகாது. இத்தனை நாள் பூனையைக் கடித்தது இனிமேல் உங்கள் பிள்ளைகளைக் கடிக்கும். உண்மையில் தெள்ளை ஒழிக்க வேண்டுமானால் வீட்டில் பூனை இருக்க வேண்டும், அதன் உடம்பில் சரியான மருந்தும் இருக்க வேண்டும். கூட்டை விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு தெள்ளும் முதலில் பூனையைத்தான் தேடிப் போகும், போனால் சாகும். வேறு எந்த ஸ்பிரேயாலும் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

அது தெள்ளுதானா?

உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால், மெதுவாக ஊரும், ஒரே இடத்தில் கடித்துப் பிடித்துக்கொண்டு உப்பிப்போய்க் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால், 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது, கருஞ்சிவப்பு நிறம். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் முடிக்கு நடுவே சரசரவென்று ஓடும், அமுக்கப் போனால் தாவிவிடும். கடையில் போய்ப் பொத்தாம்பொதுவாக உண்ணி மருந்து என்று கேட்டால் மாட்டுக்கோ நாய்க்கோ உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதில் பூனையின் உயிரே போகலாம் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பேன் சீப்பும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். பூனை முதுகின் கடைசியில், வால் தொடங்கும் இடத்தில் முடிக்கு எதிர்ப்பக்கமாக வாரி, சீப்பில் வந்ததைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் தூளாக விழுந்தால் அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் லேசாகத் தேயுங்கள். வெறும் மண் என்றால் சேறாகும், தெள்ளுக் கழிவு என்றால் செம்பழுப்பாகக் கரைந்து பரவும், ஏனென்றால் அது செரிக்காமல் வெளியே வந்த பூனையின் ரத்தம். தெள்ளு ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சிவப்புக் கறை வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பூனை நாள் முழுக்க நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடும், அதனால் எங்கள் பூனை மேல் ஒன்றுமே இல்லையே என்று பலர் சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இதை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பூனை மேல் ஏறிய பெண் தெள்ளு ரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிட ஆரம்பிக்கும், நல்ல வேகத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 40, 50 முட்டை கூட இடும். பேனின் ஈர் முடியோடு ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பைச் சிலிர்க்கிறதோ, எங்கிருந்து குதிக்கிறதோ அங்கெல்லாம் உதிர்ந்துகொண்டே போகும். சில நாளில் முட்டையிலிருந்து வருகிற புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. தரை வெடிப்பு, கோரைப்பாயின் இடுக்கு, பத்தாயத்தின் அடி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்த பழந்துணி மூட்டை என்று இருட்டான இடமாகப் பார்த்து இறங்கிவிடும். முட்டையோடு சேர்ந்து உதிர்கிற அந்தக் கறுப்புத் தூள்தான் புழுவுக்குச் சாப்பாடு. வளர்ந்ததும் பட்டு நூலால் கூடு கட்டிக்கொள்ளும், கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் சுற்றியுள்ள தூசியும் மணலும் அதன் மேலேயே ஒட்டி, கண்ணுக்கே தெரியாமல் தரையோடு தரையாகிவிடும்.

அந்தக் கூட்டுக்குள் நாம் அடிக்கிற மருந்து எதுவும் இறங்குவதில்லை. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்து தயாரான பிறகும் அவசரப்பட்டு வெளியே வராது. மேலே யாராவது நடக்கிற அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, இதில் ஏதாவது பட்டால் சட்டென்று கிழித்துக்கொண்டு வரும். யாருமே வராவிட்டால் ஐந்து மாதம் வரைகூட உள்ளேயே காத்திருக்கும்.

கால்நடை மருத்துவத்தில் தோராயமாக ஒரு கணக்கு சொல்வார்கள்: ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளில் 5 சதவீதம்தான் பூனை மேல் இருக்கும் பெரிய தெள்ளு, மிச்சம் 95 சதவீதம் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டுத் தரையில் கிடக்கிறது. பூனையை மட்டும் குளிப்பாட்டினால் அந்த ஐந்தைத்தான் கழுவுகிறோம்.

நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும், காற்றில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும், 35 டிகிரிக்கு மேல் வெயில் தாங்காது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடியிலோ களத்திலோ அது பிழைக்காது. ஆனால் அதே மாதத்தில் ஓட்டு வீட்டுக் கூடத்துக்குள்ளும் கொட்டகை நிழலிலும் சௌகரியமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வீட்டைச் சுற்றி வயலெல்லாம் தண்ணீர் நின்று சுவரில் ஓதம் ஏறியிருக்கும்போது சொல்லவே வேண்டாம், முட்டை முதல் பெரிய தெள்ளு வரை மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் தெள்ளு விடாமல் வதைப்பதற்குக் காரணம் இதுதான். வீடு அசுத்தம் என்று யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை, தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கிற வீட்டிலும் வரும்.

பூனைக்கு என்ன போடுவது

பூனைக்கென்றே தயாரித்த, தோலில் விடுகிற சொட்டு மருந்துதான் முதல் வழி. ஃபிப்ரோனில் உள்ளது பரவலாகக் கிடைக்கிறது, அதிலேயே எஸ்-மெத்தோப்ரீன் சேர்த்து வருவது கிடைத்தால் இன்னும் நல்லது, அது முட்டையும் புழுவும் வளரவிடாமல் தடுக்கும். செலாமெக்டின், இமிடாக்ளோப்ரிட் உள்ளவையும் உண்டு. எது உங்கள் பூனைக்குச் சரி என்பதை ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ தெரிந்த மருத்துவரிடமோ கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனையின் எடை தெரியவேண்டும், அதற்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தூக்காமல் ஒருமுறையும் எடை மிஷினில் ஏறிக் கழித்துக்கொண்டால் போதும்.

போடுகிற விதத்தில்தான் பாதி மருந்து வீணாகிறது. பூனை சாப்பிட்டு முடித்து மந்தமாக இருக்கும் நேரம் பாருங்கள். பிடரியில், இரண்டு தோள்பட்டைக்கும் மேலே தலைக்குப் பக்கமாக, அதன் நாக்கு எட்டாத இடத்தில் இரண்டு விரலால் முடியைப் பிரித்தால் வெளுத்த தோல் ஒரு கோடாகத் தெரியும். குப்பியின் முனை அந்தத் தோலில் படும்படி வைத்து மெதுவாகப் பிதுக்குங்கள். முடி மேல் விட்டால் முடியிலேயே காய்ந்துவிடும், தோலில் பட்டால்தான் தோலின் எண்ணெயோடு சேர்ந்து உடம்பு முழுக்கப் பரவும். அதனால்தான் போடுவதற்கு இரண்டு நாள் முன்னாலும் போட்டபின் இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. ஒன்றுக்கு மேல் பூனை இருந்தால் காயும்வரை தனித்தனியாக வையுங்கள், ஒன்றை ஒன்று நக்கிவிடும்.

தெள்ளு உடனே சாகாது, ஒரு நாள் இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டு இன்னொரு குப்பியைப் போடாதீர்கள்.

வீட்டில் எத்தனை பூனை, எத்தனை நாய் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரே நாளில் அதனதன் மருந்தைப் போட வேண்டும். பூனைத் தெள்ளு என்று பெயர்தானே தவிர நாய் மேலும் இதேதான் இருக்கும், ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி மேலும் ஏறும். ஒன்றை விட்டாலும் அது வீடு முழுக்க முட்டையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வீட்டில் முயல் வளர்த்தால் அதற்கு ஃபிப்ரோனில் படவே கூடாது, முயலுக்கு அது விஷம்.

எட்டு வாரம்கூட ஆகாத குட்டிகளுக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி குழந்தை ஷாம்பூ விட்டுக் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரையை வளையமாகப் போட்டுவிட்டு அப்புறம் உடம்பை நனையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் அத்தனை தெள்ளும் கண்ணுக்கும் காதுக்கும் ஏறிவிடும். உடனே துண்டால் துடைத்துச் சூடாக வையுங்கள், குட்டி குளிர் தாங்காது. அப்புறம் தினமும் பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீர் என்றால் தெள்ளு மிதந்து, ஏறித் தாவிவிடும், சோப்பு இருந்தால் அப்படியே மூழ்கும்.

வயல் மருந்தைத் தொடவே தொடாதீர்கள்

டெல்டாவில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டு மூலையில் எப்போதும் ஏதாவது ஒரு மருந்து பாட்டில் இருக்கும். நெல்லுக்குக் குருத்துப்பூச்சி வந்தால் அடிக்கிற ஃபிப்ரோனிலும் புகையானுக்கு அடிக்கிற இமிடாக்ளோப்ரிடும், பெயரைப் பார்த்தால், பூனைக்குப் போடுகிற அதே மருந்துதான். அதனால் கொஞ்சம் தண்ணீர் கலந்து பூனைக்குத் தடவினால் என்ன, எதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கூடவே கூடாது. வயல் மருந்தில் சேர்த்திருக்கிற மற்றப் பொருட்கள் பயிருக்கானவை, அளவும் வேறு. பூனை உடம்பில் பட்டதையெல்லாம் நக்கும் பிராணி, தடவினால் குடிக்கக் கொடுத்த மாதிரிதான்.

அதைவிட மோசம் மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் வாங்கிவைத்த மருந்து. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் என்று ‘மெத்ரின்’ என முடிகிற எதையும் பூனை மேல் போடாதீர்கள். நாயின் ஈரலும் மாட்டின் ஈரலும் உடைத்து வெளியேற்றிவிடுகிற அந்த ரசாயனத்தைப் பூனையின் ஈரலால் அவ்வளவு வேகமாக உடைக்க முடியாது, அதற்கு வேண்டிய நொதி அதனிடம் குறைவு. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து ஒரே ஒரு குப்பி போதும், சில மணி நேரத்தில் காது துடிக்க ஆரம்பித்து, எச்சில் வடிந்து, உடம்பு முழுக்க நடுங்கி வலிப்பில் கொண்டுபோய் விடும். உண்ணிக்குப் போடுகிற அமிட்ராஸும் அப்படித்தான், பூனைக்கு ஆகாது, போதாக்குறைக்குத் தெள்ளுக்கு அது சரியாகக் கேட்கவும் செய்யாது.

தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் நேரம் கடத்தாமல் பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு கழுவி, துண்டில் சுற்றி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்ய வேண்டாம்.

நாட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். மண்ணெண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் எல்லாமே பூனைக்கு விஷம். வேப்பெண்ணெயை அப்படியே பூசினாலும் நக்கி நோவில் படுத்துவிடும். பூண்டு கொடுத்தால் தெள்ளு வராது என்பார்கள், பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களையே உடைக்கும், ஏற்கெனவே தெள்ளு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பூனைக்கு அதைப்போய்க் கொடுக்கலாமா? சாம்பிராணிப் புகையும் நொச்சிப் புகையும் கொசுவுக்கு ஓரளவு உதவலாம், தரை இடுக்கில் கிடக்கிற முட்டையையும் கூட்டையும் அது ஒன்றும் செய்யாது.

இனி வீடு

பூனை எங்கே தூங்குகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். காலையில் ஓரிடம், மத்தியானம் ஓரிடம், ராத்திரி ஓரிடம் என்று வைத்திருக்கும், இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். நெல் மூட்டை மேல், பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவே, பரண், அடுப்படிக்குப் பக்கத்து விறகு, மடித்து வைத்த பாய் மெத்தை, கொல்லையில் வைக்கோல் போரின் அடி. நடு ஹாலைப் பத்து தடவை துடைப்பதைவிட இந்த நாலைந்து இடத்தை ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

அங்கே கிடக்கிற துணியை உதறாதீர்கள். நாலு முனையையும் நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டையாகப் பிடித்துத் தூக்கி, அப்படியே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் தண்ணீரில் சோப்புப் போட்டு அமிழ்த்துங்கள். 60 டிகிரி இருந்தால் முட்டை முதல் எல்லாமே செத்துவிடும். அதற்கப்புறம் பூனை படுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்துவிட்டு, வாரா வாரம் அதேபோல மூட்டையாகத் தூக்கிக் கொதிதண்ணீரில் போடுங்கள். புதிதாக விழுகிற முட்டை தரைக்குப் போகாமல் துணியோடு போய்விடும். இவ்வளவு எளிய வேலை வேறில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

வேக்குவம் கிளீனர் இருந்தால் தினமும் ஓட்டுங்கள். முட்டையையும் புழுவின் சாப்பாட்டையும் உறிஞ்சும், அந்த அதிர்வில் கூட்டுக்குள் இருப்பதும் வெளியே வரும், வந்தால்தானே சாகும். பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டி மூடிக் கட்டிவிடுங்கள். இல்லாதவர்கள் பூந்துடைப்பத்தால் சுவரோரத்திலிருந்து நடுவுக்குப் பெருக்கிக் குவித்து, குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போடுங்கள், அல்லது சோப்புக் கலந்த சுடுதண்ணீரில் கொட்டுங்கள். கொல்லை நிழலில் வீசினால் அங்கே வளர்ந்து திரும்பி வரும். கட்டில், பீரோ, பத்தாயம் எல்லாவற்றையும் ஒருமுறையாவது நகர்த்திப் பெருக்க வேண்டும், ஆள் துணை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் செங்கல் தரையோ காவித் தரையோ வெடித்திருந்தால் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிடுங்கள், மண் தரை என்றால் பள்ளத்தையும் வெடிப்பையும் அடைத்து மெழுகுங்கள். புழு ஒளிய இடம் இல்லாமல் போவது பெரிய உதவி.

பாய், தலையணை, மெத்தை எல்லாம் நல்ல வெயில் அடிக்கிற நாளில் மொட்டைமாடிக்கு. பாயைச் சுருளாக வைக்காமல் விரித்துப் போட்டு, மத்தியானத்தில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது, அப்போது துணிகளுக்குச் சுடுதண்ணீரும் இஸ்திரியும்தான்.

வைக்கோல் போரடி, மாட்டுக் கொட்டகை, ஆட்டுப்பட்டி நிழலில் சேர்ந்திருக்கிற பழைய செத்தையை வாரி எருக்குழியில் போடுங்கள். வெயில் விழும் வெட்டவெளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கன்றுக்கும் குட்டிக்கும் என்ன போடுவது என்று கால்நடை மருத்துவரே சொல்வார்.

இவ்வளவும் செய்து, பூனைக்கும் மருந்து ஒழுங்காகப் போட்டால் பல வீடுகளில் ஸ்பிரே தேவைப்படாது. மிக அதிகமாக இருந்தால் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடலாம். அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பெரிய தெள்ளைக் கொல்லும் மருந்தோடு, முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் மருந்தும், அதாவது பைரிப்ராக்சிஃபென் மாதிரி ஒன்று, சேர்த்து அடிப்பீர்களா? இல்லை என்றால் ஒரு மாதத்தில் திரும்ப அதே கதைதான். சுவர் மேலெல்லாம் அடிப்பதில் பயனில்லை, தரையோரம், தட்டுமுட்டுச் சாமான்களின் அடி, பூனை படுக்கும் இடத்தைச் சுற்றி, அங்கேதான் அடிக்க வேண்டும். நன்றாகக் காயும்வரை, குறைந்தது அன்று முழுக்க, பூனையும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். மீன்தொட்டி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், ஸ்பிரே டப்பாவைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவவே கூடாது, இந்த மருந்துகள் மீனைக் கூட்டமாகக் கொல்லும். அடித்தபின் இரண்டு வாரம் ஈரத்துணி போட்டுத் துடைக்காமல் பெருக்க மட்டும் செய்யுங்கள், துடைத்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

பழைய ஆட்கள் யாராவது கமாக்ஸின் பவுடர் இருக்கிறது என்று எடுத்து வந்தால் வாங்கித் தரையில் தூவிவிடாதீர்கள். அது தடை செய்யப்பட்ட விஷம், குழந்தை தவழ்கிற வீட்டில் அதற்கு இடமே இல்லை.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் கடி குறையும், நிம்மதியாக இருக்கும். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று ஏழெட்டு தெள்ளு தாவும். நிறையப் பேர் விட்டுவிடுவது இங்கேதான். இது நீங்கள் தொடங்குவதற்கு முன்பே கூட்டுக்குள் போய்விட்ட கூட்டம், வந்தே தீரும், வரத்தான் வேண்டும். அது பூனை மேல் ஏறும், முட்டை போடுவதற்கு முன் மருந்தில் சாகும். பூனை மேல் மருந்து தொடர்ந்து இருந்தால் புதிய முட்டை விழாது, கூட்டின் இருப்பு தீரத் தீரக் கடியும் தீரும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆகவே மாதம் ஒருமுறை என்று குறைந்தது மூன்று முறை சொட்டு மருந்து போட்டே ஆக வேண்டும், இரண்டாவது மாதம் ஒன்றுமே கண்ணில் படாவிட்டாலும்.

குறைகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி: முழங்காலுக்குக் கீழே வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, அல்லது வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு, சந்தேகமான அறையில் சற்று நேரம் மெதுவாக நடங்கள். தெள்ளு இருந்தால் துணியில் கறுப்பாகத் தெரியும். ராத்திரியில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, அதற்குச் சற்று மேலே சிறிய விளக்கொன்றை எரியவிட்டால் வெளிச்சத்துக்குத் தாவி விழும். இதனால் தெள்ளு ஒழியாது, ஆனால் வாரா வாரம் தட்டில் விழுவது குறைவதைப் பார்த்தால் உங்களுக்குத் தெம்பு வரும்.

பூட்டிக் கிடந்த வீடு

சென்னையிலும் திருப்பூரிலும் இருந்துவிட்டுப் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊர் வீட்டைத் திறப்பவர்களுக்கு இது. ஓட்டு இடுக்கு வழியாகப் பூனை நுழைந்து குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தால், மாதக்கணக்காகக் கூட்டுக்குள் காத்திருக்கிற தெள்ளெல்லாம் உங்கள் காலடி அதிர்வில் ஒரே நேரத்தில் வெளியே வரும். குழந்தைகளோடு நேராக உள்ளே போய்ப் பாயை விரிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய், எல்லா அறையிலும் தடதடவென்று நடந்து, சாமான்களை நகர்த்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வரட்டும். சில மணி நேரம் கழித்துப் பெருக்கி, மருந்து அடித்து, காய்ந்த பின் குடும்பம் போகலாம். முடிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே ஊரில் யாரையாவது விட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். குட்டிகள் இன்னும் உள்ளே இருந்தால் மருந்து அடிப்பதற்கு முன் அவற்றைத் தாயோடு பாதுகாப்பாக வேறிடம் மாற்ற வேண்டும்.

தெருப் பூனைக்கு

நம் ஊர்ப் பூனை பாதிக்கு மேல் யாருக்கும் சொந்தமில்லாதது, நாலு வீட்டில் சோறு தின்று ஐந்தாவது வீட்டுத் திண்ணையில் தூங்கும். பிடிக்க விடாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் மீன் சோறு வைத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பழக்குங்கள். தலையைக் குனிந்து தின்னும்போது முதுகைத் தடவ விட்டது என்றால் ஒரு நொடியில் பிடரியில் மருந்தை விட்டுவிடலாம். சோறு வைக்கிற நாலு வீட்டுக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு மாதம் ஒருவர் மருந்து வாங்கினால் யாருக்கும் சுமையாக இருக்காது, ஆளுக்கு ஒன்று என்று ஒரே மாதத்தில் நாலு முறை போட்டுவிடும் ஆபத்தும் வராது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

குட்டியின் ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே. தெள்ளு உறிஞ்சியே குட்டி ரத்தசோகையில் செத்துப்போகும், இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. பூனையின் ஆசனவாயிலோ அது படுத்த துணியிலோ அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழு, தெள்ளை விழுங்கியதால் வந்தது. அதற்குப் பிராசிகுவாண்டெல் மாத்திரை எடைக்கு ஏற்றபடி கொடுப்பார்கள், தெள்ளையும் சேர்த்து ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். முதுகின் பின்பக்கம் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால் தெள்ளு எச்சிலின் ஒவ்வாமை, ஒன்றிரண்டு கடியே போதும்.

வீட்டு ஆட்களுக்குக் கணுக்காலில் கொத்துக் கொத்தாகத் தடிப்பு வரும். சோப்புப் போட்டுக் கழுவி, கலமைன் லோஷன் தடவுங்கள், குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்தால் சீழ் பிடிக்கும். தெள்ளு இருக்கிற பூனை பிறாண்டிய பிறகு காய்ச்சலோ, அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டினாலோ மருத்துவரிடம் பூனை பிறாண்டியதைச் சொல்லுங்கள், தெள்ளுக் கழிவின் மூலம் பூனை நகத்தில் சேருகிற ஒரு கிருமியால் அப்படி வருவதுண்டு.

கடி அடங்கிய வீட்டில் மருந்தை எப்போது நிறுத்துவது? மூன்று மாதம் முடிந்து, சீப்பில் கறுப்புத் தூளும் வராமல், வெள்ளைத் துணியிலும் ஒன்றும் ஏறாமல் இருந்தால் கோடையில் இடைவெளி விடலாம். அப்புறம் மழை தொடங்கும் முன்பே, புரட்டாசிக் கடைசியில் மறுபடி ஆரம்பித்துத் தை வரை விடாமல் போடுங்கள். தேதி மறந்துபோகும் என்கிறவர்கள் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளலாம், 29, 30 நாளுக்கு ஒருமுறை சரியாக வரும், வீட்டில் பெரியவர்கள் யாராவது ஞாபகப்படுத்திவிடுவார்கள்.